போலியைப் பிடிப்பது யார் வேலை?

சரக்கு ஒன்று, சட்டம் பல, இலாகாவும் பல. எல்லோரும் கைகோத்தால்தான் போலி ஒழியும். ஆனால், ஒருவர் வேலையை இன்னொருவர் செய்யப் புகுந்தால் என்ன ஆகும்? அதற்கும் ஓர் உண்மைக் கதை இருக்கிறது.

மருந்துக் கடையில் ஒருவர் மாத்திரை அட்டை ஒன்றை வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அட்டையில் பெயர் பெற்ற கம்பெனியின் பெயர் இருக்கிறது. அதே எழுத்து, அதே நிறம், அதே சின்னம். உள்ளே இருப்பது மட்டும் மருந்து அல்ல, வெறும் மாவு. காசும் போயிற்று, காய்ச்சலும் தணியவில்லை.

இது என்ன குற்றம்? "மோசடி" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம். சட்டப் புத்தகத்தைப் புரட்டினால், விஷயம் ஒரு வார்த்தையில் முடிவதில்லை. கம்பெனியின் பெயரையும் சின்னத்தையும் திருடியது டிரேட் மார்க் சட்டப்படி குற்றம். அட்டையில் உள்ள சித்திரத்தைக் காப்பி அடித்தது பதிப்புரிமைச் சட்டப்படி குற்றம். மருந்து இல்லாததை மருந்து என்று விற்றது மருந்துச் சட்டப்படி குற்றம். சரக்கு கப்பலேறி வெளிநாட்டிலிருந்து வந்திருந்தால் சுங்கச் சட்டமும் நடுவே வந்து நிற்கும்.

பெயரைப் பதிவு செய்து வைத்திருப்பது ஓர் ஆபீஸ். சோதனை போடவேண்டியது போலீஸ். மாத்திரையைப் பரிசோதித்துச் சொல்லவேண்டியது மருந்துக் கட்டுப்பாட்டு இலாகா. துறைமுக வாசலில் நிற்பது சுங்க இலாகா. முடிவு சொல்லவேண்டியது கோர்ட்டு. இவர்களில் ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியாமல் இருந்தால், போலிச் சரக்குக்காரனுக்கு அதைவிட வேறு வசதி வேண்டுமா?

அறிவுக்கும் பட்டா

நிலத்துக்குப் பட்டா உண்டு; வீட்டுக்குப் பத்திரம் உண்டு. அதுபோல மூளை உழைப்புக்கும் சட்டம் பட்டா கொடுத்திருக்கிறது. இதற்கு "அறிவுச் சொத்துரிமை" என்று பெயர்.

புதிதாக ஓர் இயந்திரத்தையோ செய்முறையையோ கண்டுபிடித்தவருக்குக் கிடைப்பது பேடண்டு என்னும் காப்புரிமை. அது 20 ஆண்டுக் காலம் செல்லும். கதை, பாட்டு, சித்திரம், சினிமா முதலியவற்றுக்குப் பதிப்புரிமை. வியாபாரப் பெயருக்கும் சின்னத்துக்கும் டிரேட் மார்க். ஒரு பொருளின் தோற்ற அமைப்புக்கு டிசைன் உரிமை. காஞ்சிபுரம் பட்டு, மதுரை மல்லி என்று ஊர்ப் பெயரால் புகழ்பெற்ற பொருள்களுக்குப் புவிசார் குறியீடு. புதிய பயிர் ரகங்களுக்கு ஒரு சட்டம். மின்னணுச் சில்லுகளின் அமைப்புக்கு இன்னொரு சட்டம்.

இவற்றில் ஒன்றின் தலைமை இடம் தமிழர்களுக்கு வெகு பக்கத்தில் இருக்கிறது. இந்தியா முழுவதற்குமான புவிசார் குறியீட்டுப் பதிவகம் சென்னை கிண்டியில் உள்ளது. காஷ்மீரத்து நெசவாளரும் அஸ்ஸாம் தேயிலைக்காரரும் தங்கள் ஊர்ப் பெயரைப் பதிய இங்கேதான் விண்ணப்பிக்க வேண்டும்.

பட்டா கொடுப்பது பாதி வேலைதான். ஆக்கிரமிப்பு நடந்தால் வந்து நிற்கவேண்டும் அல்லவா? தொல்லை தொடங்குவது அங்கேதான்.

சட்டம் டில்லியில், போலீஸ் ஊரில்

அரசியல் சட்டத்தின் 7-வது அட்டவணையைப் பார்த்தால் ஒரு விஷயம் விளங்கும். காப்புரிமை, பதிப்புரிமை, டிரேட் மார்க் ஆகியவை மத்திய சர்க்காரின் பட்டியலில் இருக்கின்றன. போலீஸ், மாநிலப் பட்டியலில் இருக்கிறது. சட்டம் இயற்றுவது டில்லி. கடைக்குள் நுழைந்து சோதனை போடுவது ஊர்ப் போலீஸ்.

டில்லியிலும் எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருந்ததில்லை. காப்புரிமையும் டிரேட் மார்க்கும் வர்த்தக, தொழில் மந்திரி சபையின் பொறுப்பு. பதிப்புரிமை வெகு காலம் கல்வி இலாகாவைச் சேர்ந்த மந்திரி சபையிடம் இருந்தது. மின்னணுச் சில்லு அமைப்பு, மின்னணு இலாகாவிடம். பயிர் ரகம், விவசாய இலாகாவிடம். சுங்கம், நிதி இலாகாவிடம். மருந்து, சுகாதார இலாகாவிடம். ஒரே போலி சம்பந்தமாக ஆறு இலாகாக்களின் படியேற வேண்டிய நிலை!

2016-ம் ஆண்டு இதில் ஒரு மாறுதல் ஏற்பட்டது. பதிப்புரிமையும் மின்னணுச் சில்லு அமைப்பும் தொழில் இலாகாவுக்கு மாற்றப்பட்டன. அதே ஆண்டு மே மாதம் 12-ந் தேதி தேசிய அறிவுச் சொத்துரிமைக் கொள்கையை மத்திய மந்திரி சபை அங்கீகரித்தது. அந்தக் கொள்கையை நடத்திவைக்கத் தொழில் இலாகாவின் கீழ் தனியாக ஒரு பிரிவும் ஏற்பட்டது. போலீசாருக்குப் பயிற்சி கொடுப்பது, வழிகாட்டிப் புத்தகம் வெளியிடுவது போன்ற வேலைகளை அது செய்கிறது. வீடுகள் சில ஒன்றாயின. ஆனால் சுங்கமும் மருந்தும் போலீசும் இன்றும் தனித்தனி வீடுகள்தாம். அது தவறும் அல்ல. ஏன் என்பதைப் பின்னால் பார்க்கலாம்.

போலீசார் கையில் எவ்வளவு?

போலி என்றதும் எல்லோரும் ஓடுவது போலீஸ் ஸ்டேஷனுக்கு. அங்கே என்ன செய்யமுடியும்?

திருட்டுத்தனமாகப் புத்தகமோ சினிமாவோ பிரதி எடுத்து விற்றால், சப்-இன்ஸ்பெக்டர் பதவிக்குக் குறையாத எந்தப் போலீஸ் அதிகாரியும் வாரண்டு இல்லாமலே பிரதிகளைக் கைப்பற்றலாம். 1957-ம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 64-வது பிரிவு இந்த அதிகாரத்தைத் தருகிறது. முதல் குற்றத்துக்கு 6 மாதம் முதல் 3 வருஷம் வரை சிறை, ரூ.50 ஆயிரம் முதல் ரூ.2 லட்சம் வரை அபராதம். இந்தக் குற்றத்துக்குப் போலீசார் தாங்களாகவே வழக்குப் பதியலாமா, கூடாதா என்று வெகு நாள் சர்ச்சை இருந்தது. பதியலாம் என்று 2022-ம் ஆண்டு மே மாதம் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லிவிட்டது.

டிரேட் மார்க் விஷயத்தில் நிலைமை வேறு. 1999-ம் ஆண்டுச் சட்டப்படி, டிப்டி சூப்பிரண்டு பதவிக்குக் குறையாத அதிகாரிதான் வாரண்டு இல்லாமல் சோதனை போடலாம். அவரும் நேரே போய்விட முடியாது. முதலில் டிரேட் மார்க் ரிஜிஸ்திராரின் அபிப்பிராயத்தைக் கேட்டு வாங்கவேண்டும். அந்த அபிப்பிராயத்தின்படியே நடக்கவும் வேண்டும்.

"சோதனைக்குப் போகுமுன் கடிதம் எழுதி, பதில் வரும்வரை காத்திருந்தால் சரக்கு இருக்குமா?" என்று வியாபாரிகள் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதுதான். மறுபக்கமும் ஒன்று இருக்கிறது. ஒரே மாதிரியான பெயரை இரண்டு வியாபாரிகள் நாணயமாகவே உபயோகித்து வந்திருக்கலாம். யாருக்கு உரிமை என்பது பதிவேட்டைப் பார்த்தால்தான் தெரியும். பதிவேடு ரிஜிஸ்திராரிடம் இருக்கிறது. அதைப் பார்க்காமல் ஒரு போலீஸ் அதிகாரி கடையைப் பூட்டினால், செல்வாக்குள்ளவர் போட்டிக்காரரைப் பழிவாங்கப் போலீசைத் தடியாக உபயோகிப்பார். எனவே, இரண்டு இலாகாக்கள் ஒன்றையொன்று கேட்டுக்கொள்ள வேண்டும் என்று சட்டமே விதித்திருக்கிறது. குறை, கேட்கச் சொன்னதில் இல்லை. பதில் தாமதமாக வந்தால் அதுதான் குறை.

காப்புரிமை விஷயத்திலோ போலீசாருக்கு வேலையே இல்லை. ஒருவருடைய கண்டுபிடிப்பை இன்னொருவர் உபயோகித்தால் அது சிவில் வழக்கு. கோர்ட்டில் தாவா போட்டு, தடை உத்தரவும் நஷ்ட ஈடும் வாங்கவேண்டியதுதான்.

மருந்து விஷயத்தில் ஒரு தீர்ப்பு

போலி மருந்துக்குத் தண்டனை கடுமையானது. 1940-ம் ஆண்டு மருந்துச் சட்டம் 2008-ல் திருத்தப்பட்டது. போலி மருந்தால் உயிர் போனாலோ, பெருத்த காயம் நேர்ந்தாலோ 10 வருஷத்துக்குக் குறையாத சிறை, ஆயுள் சிறை வரையிலும் போகலாம். அபராதமும் ரூ.10 லட்சத்துக்குக் குறையக்கூடாது.

ஆனால், இந்த வழக்கை யார் தொடுப்பது? போலீசார்தானே என்று பலரும் நினைத்தார்கள். 2020-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் சுப்ரீம் கோர்ட்டு முக்கியமான தீர்ப்பு ஒன்றை அளித்தது. மருந்துச் சட்டத்தின் 4-வது அத்தியாயத்தில் சொல்லப்பட்ட குற்றங்களுக்குப் போலீசார் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்ய முடியாது; மருந்து இன்ஸ்பெக்டர் போன்று சட்டம் குறிப்பிட்டவர்கள்தாம் வழக்குத் தொடரலாம் என்பது அந்தத் தீர்ப்பு.

இதன் விளைவு என்ன? நள்ளிரவில் லாரியில் போலி மாத்திரை போவதை ரோந்துப் போலீசார் கண்டுபிடித்தால், தகவல் மருந்து இன்ஸ்பெக்டருக்கு உடனே போய்ச் சேரவேண்டும். மாத்திரையை எடுத்து, முறைப்படி சோதனைச் சாலைக்கு அனுப்பவேண்டியவர் அவர். போலீசாரும் மருந்து இலாகாவும் ஒருவரையொருவர் டெலிபோனில் கூப்பிடும் பழக்கம் இல்லாத ஜில்லாவில், வழக்கு கோர்ட்டு வாசலிலேயே விழுந்துவிடும். இங்கே ஒத்துழைப்பு என்பது மரியாதைக்காகச் செய்யும் காரியம் அல்ல. அது இல்லாமல் வழக்கே நிற்காது.

பொதுஜனங்களுக்கும் இதில் ஒரு வசதி செய்யப்பட்டிருக்கிறது. அதிகமாக விற்கும் 300 வகை மருந்துகளின் அட்டையில் கோடுக் குறியோ கட்டக் குறியோ அச்சிடவேண்டும் என்று மத்திய சர்க்கார் உத்தரவிட்டது. 2023-ம் ஆண்டு ஆகஸ்டு 1-ந் தேதி முதல் தயாரானவற்றுக்கு இது பொருந்தும். செல்போனைக் காட்டினால் மருந்தின் பெயர், தயாரித்தவர், தயாரித்த தேதி எல்லாம் தெரிந்துவிடும்.

துறைமுக வாசலில்

போலிச் சரக்கு ஊருக்குள் நுழைந்து ஆயிரம் கடைகளில் பரவிய பிறகு பிடிப்பது கஷ்டம். துறைமுகத்திலேயே மடக்கினால் சுலபம். உலக வர்த்தக ஸ்தாபனம் 1995-ல் ஏற்பட்டபோது, அதன் அறிவுச் சொத்துரிமை ஒப்பந்தம் இதை எல்லா அங்கத்தினர் நாடுகளுக்கும் கடமையாக்கியது. போலி டிரேட் மார்க் சரக்கையும் திருட்டுப் பிரதியையும் எல்லையில் நிறுத்தவேண்டும் என்பதே அந்தக் கடமை. காப்புரிமையை அது கட்டாயமாக்கவில்லை.

இந்தியா 2007-ம் ஆண்டு மே மாதம் இதற்கென விதிகளை வெளியிட்டது. விதிகளின் சாரம் இது:

உரிமை உள்ளவர் சுங்கக் கமிஷனருக்கு நோட்டீஸ் கொடுத்துத் தம் உரிமையைப் பதியவேண்டும். சந்தேகத்துக்கு இடமான சரக்கு வந்தால் அதிகாரிகள் நிறுத்திவைப்பார்கள். இறக்குமதி செய்தவருக்கும் உரிமையாளருக்கும் தகவல் போகும். உரிமையாளர் 10 வேலை நாட்களுக்குள் வந்து வழக்கில் சேரவேண்டும். தேவையானால் இன்னும் 10 நாள் அவகாசம் கிடைக்கும். அழுகும் பொருளானால் 3 நாள். மேலும் 4 நாள் நீட்டிக்கலாம். அவர் வராவிட்டால் சரக்கு விடுதலை.

பொய்ப் புகார் வராமல் இருக்கவும் வழி செய்யப்பட்டிருக்கிறது. உரிமையாளர் ஜாமீன் பத்திரம் எழுதித் தரவேண்டும். போலி என்று முடிவானால் சரக்கை அழிக்கும் செலவும், கிடங்கு வாடகையும் அவரையே சேரும். பிரயாணிகள் சொந்த உபயோகத்துக்காகப் பெட்டியில் கொண்டுவரும் சாமானுக்கு இந்த விதிகள் இல்லை.

எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், இந்திய விதிகள் உலக ஒப்பந்தம் கேட்டதற்கு ஒரு படி மேலே போயின. காப்புரிமை, டிசைன், புவிசார் குறியீடு ஆகியவற்றையும் சுங்க அதிகாரியின் தலையில் ஏற்றின. வினை அங்கே முளைத்தது.

2 சிம் போட்ட வழக்கு

மதுரையைச் சேர்ந்த ஒருவர், ஒரே செல்போனில் ஒன்றுக்கு மேற்பட்ட சிம் கார்டுகளை உபயோகிக்கும் முறைக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். 2008-ம் ஆண்டு அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. 2 சிம் செல்போன் இந்தியாவில் அமோகமாக விற்கத் தொடங்கிய சமயம் அது.

காப்புரிமைக்காரர் புதிய சுங்க விதிகளைப் பயன்படுத்திக்கொண்டார். தம் உரிமையைச் சுங்க இலாகாவில் பதிவு செய்தார். 2009-ம் ஆண்டு, வெளிநாட்டிலிருந்து வந்த 2 சிம் செல்போன்கள் சுங்கச் சாவடியில் நிறுத்தப்பட்டன. உலகப் பெயர் பெற்ற கம்பெனிகளின் சரக்கும் அதில் அகப்பட்டுக்கொண்டது.

சுங்க அதிகாரியின் நிலையை எண்ணிப் பார்க்கவேண்டும். போலிக் கைக்கடிகாரம் என்றால் அசலையும் போலியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துச் சொல்லிவிடலாம். காப்புரிமை அப்படியா? செல்போனைப் பிரித்து, அதன் உட்சுற்று எப்படி வேலை செய்கிறது என்று பார்த்து, காப்புரிமைப் பத்திரத்தின் ஒவ்வொரு வாசகத்தோடும் ஒப்பிட்டு, இது அதுதானா என்று தீர்மானிக்க வேண்டும். ஐகோர்ட்டில் நிபுணர்கள் மாதக் கணக்கில் வாதாடும் விஷயம் இது. சாவடியில் நிற்பவர் 10 நாளில் எப்படிச் சொல்லுவார்?

இந்த ஆபத்து முன்கூட்டியே தெரியாததும் அல்ல. விதிகள் வந்த அதே 2007-ம் ஆண்டு அக்டோபரில், சுங்க வாரியமே தன் அதிகாரிகளுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியிருந்தது. டிரேட் மார்க்கையும் பதிப்புரிமையையும் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. மற்ற மூன்றிலும் கோர்ட்டு ஏற்கனவே தீர்மானித்திருந்தால் ஒழிய, மிகுந்த எச்சரிக்கையோடு நடந்துகொள்ள வேண்டும் என்பது அதன் கருத்து.

விவகாரம் சென்னை ஐகோர்ட்டுக்குப் போயிற்று. காப்புரிமையையே ரத்து செய்யவேண்டும் என்று, அப்போது சென்னையில் இருந்த அறிவுச் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியத்திலும் மனுக்கள் விழுந்தன. 2012-ம் ஆண்டு வாரியம் காப்புரிமையை ரத்து செய்தது. கண்டுபிடிப்பாளருக்கும் கம்பெனிகளுக்கும் ஆண்டுக் கணக்கில் அலைச்சல். கடைசியில் எந்த உரிமையைக் காட்டிச் சரக்கு நிறுத்தப்பட்டதோ, அந்த உரிமையே இல்லை என்றாகிவிட்டது!

இதில் யாரைக் குறை சொல்வது? காப்புரிமை ஆபீஸ் பத்திரம் கொடுத்தது. அது அதன் வேலை. உரிமை பெற்றவர் சட்டம் காட்டிய வழியில் போனார். அது அவர் உரிமை. சுங்க அதிகாரிகள் பதிவேட்டைப் பார்த்துச் சரக்கை நிறுத்தினார்கள். ஒவ்வொருவரும் தம் விதியின்படிதான் நடந்தார்கள். கோர்ட்டு செய்யவேண்டிய வேலையைச் சாவடியில் தள்ளிவிட்டதுதான் குற்றம்.

2012-லேயே, வேறொரு காப்புரிமை வழக்கில் டில்லி ஐகோர்ட்டும் இதே விஷயத்தைத் தொட்டது. காப்புரிமை மீறப்பட்டதா என்பதைச் சுங்க அதிகாரி தாமாகத் தீர்மானிக்க முடியாது என்று அது கூறியது. 2018-ம் ஆண்டு ஜூன் மாதம் மத்திய சர்க்கார் விதிகளைத் திருத்தியது. சுங்க விதிகளிலிருந்து காப்புரிமை நீக்கப்பட்டது.

அந்தத் திருத்தத்தில் இன்னொரு ஷரத்தும் உண்டு. சுங்க இலாகாவில் பதிந்த உரிமை பின்னால் மாறினாலோ, ரத்தானாலோ, உரிமையாளர் அதைச் சுங்கக் கமிஷனருக்குத் தெரிவிக்கவேண்டும். நல்ல ஷரத்துதான். ஆனால், தம் உரிமை போய்விட்டது என்று தாமே வந்து சொல்லும் பொறுப்பு உரிமை இழந்தவர் மேல் விழுந்திருக்கிறது. ரத்து செய்யும் இடத்திலிருந்தே செய்தி நேராகச் சாவடிக்குப் போகுமானால் இன்னும் நல்லது அல்லவா?

காஞ்சிப் பட்டுக்கு யார் காவல்?

காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-06-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயரை வேறு ஊர்ச் சேலையில் போட்டு விற்பது குற்றம். சோதனை போட இங்கும் டிப்டி சூப்பிரண்டு வேண்டும். ரிஜிஸ்திராரின் அபிப்பிராயமும் வேண்டும்.

இத்துடன் முடியவில்லை. 1985-ம் ஆண்டுச் சட்டம் ஒன்று 11 வகை ஜவுளிகளைக் கைத்தறிக்கே ஒதுக்கியிருக்கிறது. அவற்றில் சேலையும் உண்டு. ஒதுக்கப்பட்ட ரகத்தை விசைத்தறியில் நெய்தால் நடவடிக்கை எடுப்பது கைத்தறி இலாகா. ஆக, விசைத்தறியில் நெய்து "காஞ்சிப் பட்டு" என்று முத்திரை குத்திய ஒரு சேலையில் இரண்டு குற்றங்கள். நெய்த இடத்தில் ஓர் இலாகா. விற்கும் இடத்தில் இன்னோர் இலாகா.

தறியில் உட்கார்ந்திருக்கும் நெசவாளி, எந்த ஆபீசுக்கு எந்த மனு எழுதுவது என்று படித்துவிட்டா நெய்யமுடியும்? ஒரு நாள் அலைந்தால் ஒரு நாள் கூலி போயிற்று. கைத்தறி இலாகா அதிகாரி தாம் கண்டதைப் போலீசுக்கும் கிண்டிப் பதிவகத்துக்கும் எழுதினால், அந்த ஏழைக்கு மூன்று பிரயாணம் மிச்சம். ஒத்துழைப்பு என்ற பெரிய வார்த்தைக்கு அவன் வீட்டில் இதுதான் அர்த்தம்.

சினிமாக்காரர் கண்ட வழி

திருட்டுப் பிரதியால் அதிகம் அடிபட்டது சினிமாத் தொழில். படம் வெளியான அன்றே கள்ளப் பிரதியும் வெளியாகிவிடும். தமிழ்நாடு சர்க்கார் 2004-ம் ஆண்டு கடுமையான வழியைக் கையாண்டது. குண்டர் சட்டம் என்று எல்லோரும் சொல்லும் 1982-ம் ஆண்டுச் சட்டத்தில், திருட்டு வீடியோக்காரர்களையும் சேர்த்தது. அதன்படி விசாரணை இல்லாமலே ஓராண்டு வரை காவலில் வைக்கலாம்.

அந்தக் காலத்துத் திருட்டு, தட்டில் பதிந்து தெருவில் விற்றது. போலீசார் கடையைச் சோதனை போட்டால் பிடிபடும். இப்போது பிரதி இன்டர்நெட் வழியே போகிறது. ஆள் ஓர் ஊரில், யந்திரம் வேறு நாட்டில். தெருமுனைப் போலீஸ் யாரைப் பிடிப்பது?

2023-ம் ஆண்டு சினிமாட்டோகிராப் சட்டம் திருத்தப்பட்டது. தியேட்டரில் படத்தைக் களவாகப் பதிவு செய்தால் 3 மாதம் முதல் 3 வருஷம் வரை சிறை. அபராதம் குறைந்தது ரூ.3 லட்சம்; படத்தின் தணிக்கை செய்யப்பட்ட தயாரிப்புச் செலவில் 100-க்கு 5 பங்கு வரை போகலாம். அதே ஆண்டு நவம்பரில் செய்தி, ஒலிபரப்பு மந்திரி சபை தொடர்பு அதிகாரிகளை நியமித்தது. புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள், அந்தப் பிரதியை எடுத்துவிடும்படி உத்தரவு போடுவது இவர்கள் வேலை. சினிமாக்காரர் எங்கே போவது என்று தேடாமல், போய் நிற்க ஒரு வாசல் கிடைத்தது என்பதுதான் இதில் விசேஷம்.

மற்றவர்கள் எப்படிச் செய்கிறார்கள்?

லண்டன் நகரப் போலீசில் 2013-ம் ஆண்டு செப்டம்பரில் அறிவுச் சொத்துக் குற்றங்களுக்கென்றே தனிப் பிரிவு ஏற்பட்டது. அதற்குப் பணம் கொடுத்தது அந்நாட்டு அறிவுச் சொத்து அலுவலகம். பதிவு செய்யும் இடமும் பிடிக்கும் இடமும் இப்படிக் கைகோத்தன. அதைப் பார்த்துத் தெலுங்கானா மாநிலம் 2016-ல் ஒரு பிரிவை அமைத்தது.

அமெரிக்கா இதில் ஒரு முறை தோற்று, ஒரு முறை திருத்திக்கொண்டது. 1999-ம் ஆண்டு அங்கே பல இலாகாக்களைச் சேர்த்து ஒரு கவுன்சில் அமைத்தார்கள். அதற்கு இரண்டு தலைவர்கள்: ஒருவர் காப்புரிமை ஆபீசைச் சேர்ந்தவர், இன்னொருவர் நீதி இலாகாவைச் சேர்ந்தவர். கவுன்சிலின் வேலை என்ன என்பதே தெளிவாக இல்லை என்று பாராளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு குறை சொன்னது. 2008-ல் அதைக் கலைத்துவிட்டு, ஜனாதிபதியின் அலுவலகத்திலேயே ஓர் ஒருங்கிணைப்பாளரை நியமிக்கச் சட்டம் செய்தார்கள்.

அந்தச் சட்டத்தில் கவனிக்கவேண்டிய ஒரு ஷரத்து இருக்கிறது. ஒருங்கிணைப்பாளர் எல்லா இலாகாக்களையும் கூட்டலாம், திட்டம் தீட்டலாம். ஆனால் எந்த இலாகாவின் புலன் விசாரணையிலும், வழக்குத் தொடரும் அதிகாரத்திலும் அவர் தலையிட்டு உத்தரவு போடக்கூடாது. சேர்த்து வைப்பது வேறு, அடக்கி ஆள்வது வேறு என்பதை அவர்கள் எழுதியே வைத்துவிட்டார்கள்.

செல்போன் வழக்கு போதித்த பாடமும் இதுதான். பதிவகம் பதியட்டும். சுங்கம் தடுக்கட்டும். போலீஸ் பிடிக்கட்டும். மருந்து இன்ஸ்பெக்டர் பரிசோதிக்கட்டும். கோர்ட்டு தீர்ப்புச் சொல்லட்டும். எல்லோரையும் ஒரே இலாகாவாக்கிவிட்டால், பிடிப்பவரே தீர்ப்பும் சொல்லும் நிலை வந்துவிடும். அதில் முதலில் அடிபடுகிறவன் நாணயமான சின்ன வியாபாரி. வேண்டியது ஒரே இலாகா அல்ல. ஒன்றுக்குத் தெரிந்தது மற்றதற்கும் உடனே தெரியும் ஏற்பாடு.

வியாபாரி செய்யவேண்டியது

சர்க்கார் செய்யும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. சில காரியங்கள் வியாபாரியின் கையிலேயே இருக்கின்றன.

கடைப் பெயரையும் சின்னத்தையும் முதலிலேயே டிரேட் மார்க் ஆபீசில் பதிவு செய்துவிடுவது நல்லது. ரிஜிஸ்திராரின் அபிப்பிராயம் சீக்கிரம் வர அதுவே வழி. வெளிநாட்டுப் போலி வரும் என்று பயம் இருந்தால் சுங்க இலாகாவிலும் பதியவேண்டும். அசலுக்கும் போலிக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு காகிதத்தில் எழுதி, மாதிரியோடு அதிகாரிகளிடம் கொடுத்து வைக்கலாம். சாவடியில் நிற்பவருக்கு இதைவிடப் பெரிய உதவி கிடையாது. போலியைக் கண்டால் முதலில் ரசீதோடு ஒன்றை வாங்கிப் பத்திரப்படுத்த வேண்டும். ரசீது இல்லாத புகார், சாட்சி இல்லாத வழக்கு.

வாங்குகிறவர்களுக்கும் பங்கு உண்டு. மருந்துக்குப் பில் கேட்டு வாங்கவேண்டும். அட்டையில் சந்தேகம் வந்தால் அதைக் குப்பையில் எறியாமல், மருந்துக் கட்டுப்பாட்டு இலாகாவிடம் கொடுக்கவேண்டும். எறியப்பட்ட அட்டையோடு சாட்சியமும் போய்விடுகிறது.

போலியைப் பிடிப்பது யார் வேலை என்று கேட்டால், "எங்கள் இலாகா வேலை அல்ல" என்ற பதில் இனி வரக்கூடாது. "எங்கள் பங்கு இவ்வளவு; மீதியைப் பார்க்க இன்னாரிடம் நாங்களே அனுப்பிவிட்டோம்" என்று பதில் வரவேண்டும். அந்தப் பதில் ஒவ்வோர் ஆபீசிலும் கிடைக்கத் தொடங்குகிற நாளில், மாவை மாத்திரையாக்கி விற்கிறவன் வேறு பிழைப்புத் தேடவேண்டியதுதான்.